இழுவைப் பாதை

பிரான்சு தேசத்துக் கால்வாய்களின் ஓரமாக ஒரு பாதை செல்லும். அதன் பிரெஞ்சுப் பெயருக்கு இழுவைப் பாதை என்பதே நேர்ப்பொருள். இன்று அப்பாதையில் எவரும் எதனையும் இழுப்பதில்லை. கோடை பிறந்ததும் ஒல்லாந்தரும் ஜேர்மானியரும் பெல்ஜியரும் பிரெஞ்சுக்காரரும் துவிச்சக்கர வண்டிகளின் இருபுறமும் பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நாட்கணக்கில் அவ்வழியே செல்கின்றனர். பாதை பெரும்பாலும் சமதரையானது. மோட்டார் வண்டிகளின் தொல்லை குறைவு. நீரைப் பார்த்துக்கொண்டு சென்றால் வழி தவறவும் இடமில்லை. விடுமுறையைக் கழிப்பதற்கு இதனினும் இனிய முறை பிறிதில்லை என்று பயண நூல்கள் கூறும். அக்கூற்றை மறுக்க நான் வரவில்லை. ஐந்து நாள் அவ்வின்பத்தை அனுபவித்தவன் நான். ஆயின், அப்பாதையில் முன்பு நடந்தவர் யார், இன்று அதில் உலாவும் ஓய்வு எவ்வாறு கிடைத்தது என்னும் வினாக்களை அந்நூல்கள் அரிதாகவே எழுப்புகின்றன.

முன்பு நடந்தவர்களைப் பற்றி முதலிற் சொல்லவேண்டும். எந்திரங்கள் வருமுன் கால்வாய்ப் படகுகளை நகர்த்தியவை குதிரைகளும் கோவேறு கழுதைகளும் மனித உடல்களுமே. குதிரை வாங்கப் பணமில்லாத படகோட்டி தானே குதிரையானான். மார்பின் குறுக்கே அகன்ற வாரொன்றைப் பூட்டி, அதிலிருந்து நீண்ட கயிற்றைப் படகிற் பிணைத்து, உடலை முன்னே சாய்த்து, நிலத்தைப் பார்த்தபடி அவன் நடப்பான். சுக்கானைப் பிடிக்க இன்னொருவர் வேண்டுமாதலால், கணவன் சுக்கானில் நிற்க மனைவி இழுப்பதும், மனைவி நிற்கக் கணவனும் பிள்ளைகளும் இழுப்பதும் உண்டு. முதலாம் உலகப் போருக்கு முன் அச்சிடப்பட்ட தபாலட்டைகளில் இக்காட்சியை இன்றும் காணலாம். பல பத்துத் தொன் விறகையோ கல்லையோ நிலக்கரியையோ சுமந்த படகை, பாவாடையணிந்த பெண்ணொருத்தி அடிமேல் அடிவைத்து இழுத்துச் செல்கிறாள். அவ்வட்டைகளை வாங்கி நண்பர்களுக்கு அனுப்பியவர்கள் அதனை நாட்டுப்புறத்தின் அழகுகளுள் ஒன்றாகவே கருதினர் போலும்.

சென்ற கோடையில் பாரிஸ் நகரிலுள்ள என் தங்கையின் மகனிடம் சென்றிருந்தேன். லா சப்பல் பகுதிக்கு அண்மையில், மாடியொன்றின் இரண்டு சிறு அறைகளில் அவன் குடும்பம் வாழ்கிறது. உணவகமொன்றின் சமையலறையில் அவனுக்கு வேலை. ஆகஸ்ட் மாதத்தில் அந்த உணவகம் மூடப்படும், சம்பளத்தோடு விடுமுறை. பதினைந்து ஆண்டுகளாக அவ்விடுமுறை நாட்களை அவன் என்ன செய்தான் என்று கேட்டேன்.

"லீவு எண்டால் வேற இடத்தில வேலை செய்யிற நாள், மாமா. ஊருக்குக் காசு அனுப்பவேணும், கடன் கட்டவேணும். எல்லாரும் அப்பிடித்தான்" என்றான்.

கடன் முடிந்தது அவ்வாண்டுதான். அவனது பதினான்கு வயது மகள் பள்ளித் தோழியர் சென்றுவந்த இடங்களைக் கேட்டுக் கேட்டு ஏங்கியவள். அவள் வற்புறுத்தலினாலேயே இரவல் சைக்கிள்கள் மூன்றைத் தேடிப்பிடித்து, புகையிரதத்தில் ஏற்றிக்கொண்டு, ஓசெர் என்னும் நகரில் இறங்கினோம். அங்கிருந்து தெசீஸ் வரை நிவெர்னே கால்வாய் 174 கிலோமீற்றர் செல்கிறது. யாழ்ப்பாணத்தில் முப்பதாண்டு காலம் சைக்கிளிற் பள்ளிக்கூடம் சென்ற எனக்கு மிதிப்பது புதிதன்று. எங்கள் ஊரில் மீன் விற்பவருக்கும் சீவற் தொழிலாளிக்கும் வாத்தியாருக்கும் சைக்கிள் உழைப்பின் கருவி. எங்கும் போய்ச்சேரவேண்டிய அவசரமின்றி அதில் ஏறுவது என் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

இக்கால்வாயின் வரலாறு விறகின் வரலாறாகும். பாரிஸ் நகரத்து அடுப்புகளுக்கும் கணப்புகளுக்கும் வேண்டிய விறகு சில நூற்றாண்டுகளாக மொர்வான் மலைக்காடுகளிலிருந்து வந்தது. வெட்டிய துண்டுகளின் முனையில் வணிகரின் அடையாளத்தைச் சம்மட்டியால் அடித்து ஓடைகளில் வீசிவிடுவர். ஓடைகள் அவற்றை யோன் நதிக்குக் கொண்டுவரும். கிளாம்சி என்னும் சிற்றூரில் ஆண்களும் பெண்களும் சிறுவர்களும் குளிர்நீரில் நின்று அவற்றைப் பிடித்து, அடையாளம் பார்த்துப் பிரித்து அடுக்குவர். பின்னர் அவை எழுபது மீற்றர் அளவு நீளமான தெப்பங்களாகக் கட்டப்படும். தெப்பக்காரன் பத்துப் பன்னிரண்டு நாள் அதன்மீது நின்று நீண்ட கழியால் திசைதிருப்பித் திருப்பிப் பாரிஸ் சேர்வான். தெப்பம் அங்கே அவிழ்க்கப்பட்டு விறகாகும். அவனோ இருநூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தைக் கால்நடையாகக் கடந்து ஊர் திரும்புவான். இவ்விறகுப் போக்குவரத்துக்குத் துணையாகவே 1784இல் கால்வாய் வேலை தொடங்கிற்று. அது முடியப் புரட்சியும் நெப்போலியனும் மன்னராட்சியின் மீள்வருகையும் கடந்து 1840கள் வரை சென்றது.

கிளாம்சியின் பாலத்தில் தெப்பக்காரனொருவனின் சிலை நிற்கிறது. சிலை அழகானது, ஆனால் அச்சிலையிலிருந்து 1851ஆம் ஆண்டை எவரும் அறியமுடியாது. அவ்வாண்டு டிசம்பரில் லூயி நெப்போலியன் குடியரசைக் கவிழ்த்தபோது, தலைநகரத்து அறிஞர்கள் பலர் வாய்மூடியிருக்க, இச்சிற்றூரின் தெப்பக்காரரும் கைவினைஞரும் கிளர்ந்தெழுந்து சிறைச்சாலையைத் திறந்து ஊரைத் தம் கையிற் கொண்டனர். சில நாட்களிற் படை வந்தது. அப்பகுதியிலிருந்து நூற்றுக்கணக்கானோர் அல்ஜீரியாவுக்கும் சிலர் கயென் தீவாந்தரத்துக்கும் அனுப்பப்பட்டனர். குளிர்நீரில் நின்று கூலிக்காகப் பலமுறை வேலைநிறுத்தம் செய்து பழகிய மக்கள் அவர்கள். எதிர்க்கும் வலிமை அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று வியப்பதற்கில்லை.

பதினைந்தாண்டுகளின் பின், 1866இல், அதே ஊரிற் பிறந்தவர் ரொமேன் ரோலந். காந்தியடிகளைப் பற்றி 1924இல் நூலெழுதி அவரை மேனாட்டாருக்கு அறிமுகப்படுத்தியவர் என்பதால் நம்மவர் அவரை அறிவர். அவர் உடல் கிளாம்சிக்கு அண்மையிலுள்ள பிரேவ் என்னும் கிராமத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளது. நாங்கள் பாதையை விட்டு விலகி அங்கும் சென்றோம். மருமகனின் மகள் கல்லறையைப் பார்த்துவிட்டு, பள்ளியில் இவர் பெயரைக் கேட்டதில்லை என்றாள். பிரெஞ்சுப் பள்ளிகள் எவரை நினைவிற் கொள்கின்றன, எவரை மறக்கின்றன என்பது தனியே எழுதவேண்டிய விடயம்.

கிளாம்சியைத் தாண்டியதும் நாடு மேடாகிறது. வெள்ளைநிற சாரொலே மாடுகள் வேலிக்கப்பால் அசைபோடுகின்றன. கால்வாய் மேட்டில் ஏறுவது மதகுத்தொட்டிகளின் உதவியால். முன்னும் பின்னும் கதவு கொண்ட கற்றொட்டியினுள் படகை விட்டு, நீரை நிரப்பினால் படகு உயரும், வடித்தால் தாழும். சார்டி என்ற இடத்தில் ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீற்றருக்குள் இத்தகைய தொட்டிகள் 16 வரிசையாக அமைந்துள்ளன. உச்சியில் மலையைக் குடைந்து மூன்று சுரங்கங்கள். மிகப்பெரியது 758 மீற்றர் நீளம். படகு உள்ளே செல்ல, சைக்கிளில் வருவோர் மேட்டின்மீது மூச்சிரைக்க ஏறவேண்டும். நான் இறங்கித் தள்ளினேன்.

அங்கே மதகொன்றிற் கண்ட காட்சியைக் குறிப்பிடவேண்டும். இக்கால்வாயின் கதவுகள் பல இன்றும் கையாலேயே சுழற்றித் திறக்கப்படுகின்றன. சுழற்றியவள் கோடைக்கு மட்டும் வேலைக்கு வந்த பல்கலைக்கழக மாணவி. நண்பகல் மணி பன்னிரண்டானதும் கைப்பிடியை விட்டுவிட்டு, மதகு வீட்டின் நிழலில் அமர்ந்து ரொட்டியை எடுத்தாள். வாடகைப் படகொன்று வந்து நின்றது. அதிலிருந்த செல்வர் இருமுறை ஊதுகுழலை ஒலித்தார். அவள் கையை உயர்த்தி ஒரு விரலைக் காட்டினாள்: ஒரு மணிக்கு. அவ்வளவே. சினமுமில்லை, மன்னிப்புமில்லை. பெரும் படகு, அதன் வெண்ணிறக் கூரை, குளிரூட்டிய பானங்கள் யாவும் அவளது ரொட்டிக்காக ஒரு மணி நேரம் காத்துநின்றன. என் மருமகன் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். சமையலறையில் அவனுக்கு நின்றபடியே உண்டு பழக்கம்.

இனி ஓய்வின் கதைக்கு வருவோம். 1936ஆம் ஆண்டு வரை பிரெஞ்சுத் தொழிலாளிகளுள் மிகப் பெரும்பாலோருக்குச் சம்பளத்தோடு கூடிய விடுமுறை என்பது இல்லை. அவ்வாண்டு மே மாதத்தில் மக்கள் முன்னணி தேர்தலில் வென்றது. ஆனால் அம்முன்னணியின் பொது வேலைத்திட்டத்தில் சம்பள விடுமுறை இடம்பெறவில்லை என்பதை நாம் கவனிக்கவேண்டும். அதனைக் கொணர்ந்தது வேலைநிறுத்தம். மே, ஜூன் மாதங்களில் ஏறத்தாழ இருபது இலட்சம் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். பலர் தொழிற்சாலைகளை விட்டு வெளியேறாமல் எந்திரங்களின் அருகிலேயே படுத்துறங்கினர். அக்கோடியன் வாத்தியம் வாசித்து உள்ளேயே நடனமாடினர். ஜூன் 20இல் இரண்டு வார விடுமுறைச் சட்டம் பிறந்தது. மறுநாள் நாற்பது மணி நேர வேலைவாரச் சட்டம். ஓய்வுத்துறைக்குப் பொறுப்பான லியோ லக்ராஞ்ச் என்ற 35 வயது இளைஞர் புகையிரதக் கட்டணத்தில் 40 வீதக் கழிவு பெற்றுக்கொடுத்தார். முதற் கோடையிலேயே ஏறத்தாழ ஆறு இலட்சம் பேர் அச்சீட்டில் பயணம் செய்தனர். சீட்டுக்கும் பணமில்லாதோர் சைக்கிளில் ஏறினர். கணவனும் மனைவியும் சேர்ந்து மிதிக்கும் இரட்டைச் சைக்கிள் அக்கோடையின் சின்னமாயிற்று. வலதுசாரி ஏடுகள் லக்ராஞ்சைச் சோம்பல் அமைச்சர் என்று ஏளனம் செய்தன. தொழிலாளி கடலைப் பார்த்தால் நாடு கெட்டுவிடும் என்ற அச்சம் போலும்! அவர் 1940 ஜூனில் போர்முனையில் உயிர்துறந்தார்.

இதைச் சொல்லும்போது மற்றொன்றையும் மறைக்கலாகாது. 1936இன் வெற்றி குடியேற்ற நாடுகளின் தொழிலாளரை எட்டவில்லை. அதே மூவர்ணக் கொடியின் கீழ் ஆபிரிக்கத் துறைமுகங்களிலும் புகையிரதப் பாதைகளிலும் உழைத்தவர்களுக்குச் சம்பள விடுமுறையை உறுதிசெய்த தொழிற்சட்டம் 1952 டிசம்பரிலேயே நிறைவேறிற்று. அதற்கும் அவர்கள் போராட வேண்டியிருந்தது. பிரான்சினுள் விடுமுறை 1956இல் மூன்று வாரமாயிற்று, 1969இல் நான்கு, 1982இல் ஐந்து. ஐந்து வாரமும் சட்டத்தில் எல்லோருக்கும் உரியதே. எனினும் அந்நாட்டு மக்களுள் பத்தில் நால்வர் அளவில் விடுமுறையில் வீட்டைவிட்டு எங்கும் செல்வதில்லை; பெரும்பாலும் காரணம் பணம்.

இழுவைப் பாதையிலும் இவ்வேறுபாடு கண்ணிற் படுகிறது. ஓய்வுபெற்ற செல்வத் தம்பதியர் மின்விசையால் ஓடும் சைக்கிள்களில் வெறுங்கையோடு செல்கின்றனர். அவர்களின் பெட்டிகளை விடுதியிலிருந்து விடுதிக்கு வேன் ஒன்று காவிச்செல்கிறது. பாரம் இழுத்த பாதையில் தம் பாரத்தையும் தாமே சுமக்காது செல்வது ஒருவகை வேடிக்கைதான். ஆயினும் அதே பாதையில் பழைய சைக்கிளுக்குப் பின்னே சிறுவண்டி பூட்டி, அதிற் குழந்தையையும் கூடாரத்தையும் ஏற்றிச் செல்லும் இளம் பெற்றோரையும் கண்டோம். ஊர்ச்சபைகள் நடத்தும் கூடாரத் திடல்களில் சிறு தொகைக்கு இரவு தங்கலாம், வெந்நீருண்டு, புல்தரையுண்டு. எங்கள் அருகே கூடாரமடித்த தபால் ஊழியரொருவர், நாங்கள் காய்ச்சிய பருப்புக் கறியின் மணத்தில் எழுந்துவந்து, தம் ரொட்டியைக் கொடுத்துப் பங்கு கேட்டார். அவருடைய பாட்டனார் 1936இல் மனைவியோடு இரட்டைச் சைக்கிளில் முதன்முதற் கடலைக் கண்டவராம். மருமகனின் மகள் அதனைத் தந்தைக்குத் தமிழிற் சொன்னாள். வேகமான பிரெஞ்சு அவனுக்கு இன்னும் முழுதாகப் பிடிபடுவதில்லை.

"இரண்டு கிழமை லீவுக்கு அந்தச் சனம் ஃபக்டரியிலயே படுத்ததோ?" என்று அவன் திரும்பக் கேட்டான். "நான் இதைச் சட்டம் தாற சும்மா காசு எண்டெல்லோ நினைச்சனான்."

கால்வாய் பிழைத்ததும் தற்செயலே. 1879இல் இயற்றப்பட்ட சட்டமொன்று பிரான்சின் முக்கிய நீர்வழிகளை 38.5 மீற்றர் நீளப் படகுகளுக்கேற்ப மாற்றிற்று. நிவெர்னேயின் நடுப்பகுதி மட்டும் பழைய சிறு தொட்டிகளோடு கைவிடப்பட்டது. சரக்குப் படகுகள் வேறு வழி சென்றன. இழுத்தவர்களின் பிள்ளைகள் நகரத் தொழிற்சாலைகளுக்குப் போயினர். 1960களில் அதனை மூடிவிடும் எண்ணமும் இருந்தது. உல்லாசப் படகுகளே அதனைக் காத்தன. உழைப்பு வெளியேறிய இடத்தில் ஓய்வு குடிபுகுந்தது. மதகு வீடுகள் சில சிற்றுண்டிச் சாலைகளாகிவிட்டன.

ஐந்தாம் நாள் மாலை தெசீஸ் சேர்ந்தோம். லுவார் நதிக்கரையிலுள்ள இவ்வூரிலேயே 1767இல் செந்-ஜூஸ்ட் பிறந்தார்; இன்பம் என்பது ஐரோப்பாவில் ஒரு புதிய கருத்து என்று மாநாட்டிற் பேசிய இளைஞர் அவர். நிலையத்தில் புகையிரதத்துக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. மருமகன் நடைபாதை வாங்கில் சைக்கிளிற் சாய்ந்தபடி விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். ஆகஸ்ட் முடிய இன்னும் பதினொரு நாள் இருந்தது. வழக்கமாக அவனைக் கோடையில் வேலைக்கு அழைக்கும் முதலாளி முதல் நாளிரவே இருமுறை தொலைபேசியில் அழைத்திருந்தார். திரும்ப அழைப்பதா என்று அவன் என்னைக் கேட்கவில்லை, மகளைப் பார்த்தான். அவள் வரைபடத்தை விரித்து, லுவார் நதியோரமாகச் செல்லும் மற்றொரு கால்வாயை விரலால் தொடர்ந்துகொண்டிருந்தாள்.