பிசிறு வெட்டத் தெரிந்தால் வாருங்கள்

திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள்தான் என் பிழைப்பு. ஐப்பசி பிறந்தால் கல்லூரி என்.எஸ்.எஸ். பிள்ளைகள் வந்து நிற்பார்கள். கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரைப் பக்கத்துப் பள்ளிகளுக்குக் குளிர் உடுப்பு கொண்டுபோகிறோம், பீஸ் பிரித்துக் கொடுங்க அக்கா என்பார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏற்றுமதிக்குப் போகாமல் தங்கிய பீஸ் மூட்டை மூட்டையாக வரும். முதலில் துணியைப் பாருங்கள். டி-சர்ட் துணி 160, 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) இருக்கும். மேல்மலைக்கு அது ஆகாது. உள்பக்கம் ரைசிங் போட்ட ஃபிளீஸ், 280-க்கு மேல் இருந்தால்தான் டிசம்பர், ஜனவரி உறைபனிக்குத் தாங்கும். கிளப்பிவிட்ட அந்தப் பஞ்சில் தங்கும் காற்றுதான் உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்கிறது. முழுப் பருத்தி மஞ்சில் ஈரம் இழுத்தால் லேசில் காயாது; பாலியஸ்டர் கலந்தது சீக்கிரம் காயும். ஆனால் முழுப் பாலியஸ்டரை அடுப்போரம் குளிர்காயும் வாண்டுகளுக்குக் கொடுக்க மாட்டேன். தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

எனக்குத் தொழில் பழக்கிய மாஸ்டர் பீஸை உள்புறம் திருப்பி, அக்குளில் தொடங்கி அடிவரை இரண்டு கட்டைவிரலாலும் தையலை இழுத்துக்கொண்டே போவார். ஓவர்லாக்கில் துணி பிடிக்காமல் விட்ட இடம் அங்கேயே வாயைத் திறக்கும். “கண்ணால பாக்காத கண்ணு, கையால பாரு” என்பார். அடுத்து கழுத்து ரிப்பை விரிப்பார். தலை நுழையாத கழுத்து எவ்வளவு அழகாயிருந்தும் வீண். கடைசியில்தான் டிரிம்மரை எடுத்துப் பிசிறு வெட்டுவார். தையலை ஒட்ட வெட்டினால் நூல் அவிழும் என்று துளி விட்டே வெட்டுவார். அவசரப்பட்டு அவர் ஒரு பீஸை நகர்த்தி நான் பார்த்ததில்லை.

பிள்ளைகள் தடுமாறுவது சைஸில். 5-6 வயது என்ற லேபிளை நம்பி ஒரு தம்பி எல்லாவற்றையும் ஒன்றாம் வகுப்புக் கட்டுக்குள் அடுக்கிவிட்டான். அது ஐரோப்பியப் பிள்ளையின் கணக்கு, 116 செ.மீ. உயரத்துக்கு வெட்டியது. மேல்மலை ஒன்றாம் வகுப்பில் பலர் அவ்வளவு உயரம் இருக்க மாட்டார்கள். டீச்சரிடம் உயரமும் மார்பளவும் எழுதி வாங்கி வரச்சொன்னேன். கட்டு முழுக்கப் பிரித்து அடுக்கினோம். ஒரு சைஸ் பெரிதாகக் கொடுத்தால் கை ரிப்பை மடித்துவிட்டு அடுத்த குளிருக்கும் போடலாம். இரண்டு சைஸ் பெரிதென்றால் விரல் மூடிப் பென்சில் பிடிக்க முடியாது.

தலைமூடியில் நாடா விட்டிருந்தால் உருவிவிடுங்கள். ஏழு வயதுக்குட்பட்டவர்களின் உடுப்பில் தலைமூடியிலும் கழுத்திலும் நாடா கூடாது என்கிறது ஐரோப்பாவின் இஎன் 14682 விதி. விளையாடும்போது எதிலாவது மாட்டினால் கழுத்தை இறுக்கும். வெளிநாட்டுப் பிள்ளைக்குப் பார்க்கும் கழுத்தை நம் பிள்ளைக்கும் பார்க்க வேண்டாமா?

மலைப்பகுதிப் பள்ளிகளில் 8-ஆம் வகுப்பு வரை அரசே ஸ்வெட்டர் தருகிறதே, நாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஈரமான ஒன்று கொடியில் தொங்கும்போது போட்டுக்கொள்ள இன்னொன்று வேண்டும். நாம் கொண்டுபோவது அந்த மாற்று. அதனால் கறை படிந்ததும் ஓட்டை விழுந்ததும் கட்டுக்குள் வரக்கூடாது. ஏழைப் பிள்ளைதானே என்று செகண்ட்ஸை நுழைக்கிற கை என் டேபிளுக்கு வேண்டாம்.

வகுப்புவாரியாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு குத்தி, வகுப்பு டீச்சர் கையில் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். கார்த்திகை மழையில் மலைப்பாதையில் மண் சரியும். பாதை கேட்டுக்கொண்டு, பனி இறுகுமுன் போய்ச் சேருங்கள்.

மலைக்குப் போகும் வேனில் இடம் கேட்பவர்களுக்குக் குறைவில்லை. டேபிளில் நிற்கத்தான் ஆள் போதவில்லை. ஐப்பசியில் வாருங்கள், டிரிம்மர் நான் தருகிறேன்.