இரண்டு நிமிடமும் பதின்மூன்று சுற்றும்

சென்ற தவணை முடிவில் எங்கள் கல்லூரி மாணவர் மன்றத்தார் ஒரு விவாதம் நடத்தினார்கள். மன்றத்திற் குத்துச்சண்டை பழகும் மாணவர் சிலர் இருந்தமையால், "உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஜோ லூயிஸ் ஈட்டிய வெற்றிகளுள் தலையாயது எது?" என்பதே பொருளாயிற்று. இஃதென்ன பொருளென்று சக ஆசிரியர் ஒருவர் முகஞ்சுளித்தார். எனக்கோ உள்ளூர மகிழ்ச்சி. இளமை தொட்டே குத்துச்சண்டை வரலாற்றில் எனக்கு ஒரு பித்து உண்டு. வாழ்நாளில் ஒருவரையேனும் நான் குத்தியதில்லை என்பது வேறு விடயம். தலைமை தாங்கித் தீர்ப்பளிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அங்கேதான் பிழை தொடங்கிற்று.

ஒரு கட்சியினர் 1938ஆம் ஆண்டு யூன் 22ஆந் திகதிச் சண்டையை எடுத்துக்கொண்டனர். அன்று நியூயோர்க் யாங்கி அரங்கில், எழுபதினாயிரம் பேர் முன்னிலையில், ஜேர்மனியரான மக்ஸ் ஷ்மெலிங்கை லூயிஸ் முதற் சுற்றிலேயே, 2 நிமிடம் 4 விநாடியில் வீழ்த்தினார். மூன்று முறை தரையைத் தொட்ட ஷ்மெலிங்குக்கு முதுகெலும்பில் முறிவும் ஏற்பட்டது. மறுகட்சியினர் 1941ஆம் ஆண்டு யூன் 18ஆந் திகதி பில்லி கொன்னை வென்றதே பெரிதென்றனர். லூயிஸிலும் ஏறக்குறைய 25 இறாத்தல் எடை குறைந்த கொன், தம் விரைவினாலே சாம்பியனைத் திணறடித்தார். பன்னிரண்டு சுற்று முடிந்தபோது மூன்று புள்ளித்தாள்களில் இரண்டிற் கொன் முன்னின்றார். மூன்றாவதில் இருவரும் சமம். பதின்மூன்றாஞ் சுற்று முடிய இரண்டே விநாடி இருக்கையில் லூயிஸ் அவரை வீழ்த்திவிட்டார். ஏழு மாதத்தில் லூயிஸ் பட்டத்தைக் காத்து நின்ற ஏழாவது சண்டை அது என்பதையும் மறத்தலாகாது.

நான் கொன் கட்சிக்கே வெற்றி என்று தீர்ப்புச் சொன்னேன். ஹிட்லரின் இனக்கொள்கைக்கு விழுந்த அடியென்று உலகம் 1938ஆம் ஆண்டுச் சண்டையைக் கொண்டாடியது. அந்தப் புகழில் அரைவாசி அரசியலுக்கே உரியது. முப்பத்திரண்டு வயது ஷ்மெலிங்கின் உச்சநாள் கழிந்துவிட்டது. தோல்வியின் விளிம்பிலிருந்து மீண்டவனே வீரன் என்றெல்லாம் விளக்கமும் கொடுத்தேன். ஷ்மெலிங் நாஜிக் கட்சி உறுப்பினரல்லர், அவருடைய முகாமையாளரே ஒரு யூதர், அதே 1938 நவம்பரில் யூதச் சிறுவர் இருவருக்கு மறைவிடம் கொடுத்தவர் அவர் என்று என் புலமையையுங் காட்டிக்கொண்டேன். கைதட்டலுக்குக் குறைவில்லை.

மறுநாட் காலை, தோற்ற கட்சியின் தலைவன் ஆசிரியர் ஓய்வறை வாசலில் வந்து நின்றான்.

"சேர், கோபிக்கக் கூடாது. நான் ஹிட்லரை ஒருக்காத்தான் சொன்னனான். மிச்ச நேரமெல்லாம் இடக்கையைப் பற்றித்தான் பேசினனான். நீங்கள் தீர்ப்பை வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்திட்டியள் போலை."

கோபம் வரத்தான் செய்தது. ஆயினும் அவன் போன பின் என் குறிப்புத்தாளை எடுத்துப் பார்த்தேன். அவனுடைய பெயருக்கு நேரே "ஹிட்லர், அரசியல்" என்ற இரண்டு சொற்களே இருந்தன. இடக்கையைப் பற்றி ஒரு சொல்லேனும் இல்லை.

அவன் சொல்ல முயன்றது இதுதான். 1936இல் அதே ஷ்மெலிங், அதுவரை தோல்வியே காணாத லூயிஸைப் பன்னிரண்டாஞ் சுற்றில் வீழ்த்தியிருந்தார். இடக்கையால் நேர்க்குத்து விட்டபின் லூயிஸ் அக்கையைச் சற்றே தாழ்த்துகிறார் என்பதைச் சலனப்படங்களைப் பார்த்தே அவர் கண்டுபிடித்திருந்தார். அவ்விடைவெளியிலே தம் வலக்கையை மீண்டும் மீண்டும் செலுத்தினார். மறு ஆண்டு பிரடொக்கை வென்று லூயிஸ் உலகப் பட்டத்தைப் பெற்றார். ஆயினும் ஷ்மெலிங்கை வெல்லும்வரை தம்மைச் சாம்பியனென்று அவர் எண்ணவில்லை. தம் குறையை முற்றும் அறிந்த ஒரே மனிதன் முன்னே மீண்டும் நின்று, ஊன்றி நின்று வலக்கையை விடுவதற்கு அவனுக்கு அவகாசமே கொடாமல் முடித்ததுதான் 1938ஆம் ஆண்டு வெற்றி. எதிராளியின் வயதைக் கணக்கிட்ட நான், லூயிஸ் அன்று வென்றது தம்முடைய பழைய பிழையையே என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. நாள்தோறும் மாணவரின் பிழைகளைத் திருத்துபவனுக்கு இது தோன்றாமற் போனது வெட்கந்தான்.

கொன்னுடன் நடந்த சண்டையிலோ, முன்னணியில் நின்ற கொன் புள்ளிகளோடு அமையாமல் ஒரே குத்தில் முடித்துவிட ஆசைப்பட்டு நெருங்கிச் சென்றார். வாசல் அவராலேதான் திறந்தது. அக்கணத்தைத் தவறவிடாமை லூயிஸின் ஆற்றல் என்பதை நான் இன்றும் விட்டுக்கொடேன். எனினும் இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கலாமா என்ற ஐயம் எழுந்துவிட்டது.

என்னை உறுத்திய சண்டை வேறொன்று. 1947 டிசம்பரில் ஜேர்ஸி ஜோ வால்கொட் லூயிஸை இருமுறை தரையில் வீழ்த்தினார். பதினைந்து சுற்றும் முடிந்ததும், தாம் தோற்றுவிட்டதாகவே எண்ணிய லூயிஸ் முடிவு அறிவிக்கப்படுமுன்பே மேடையை விட்டிறங்க முற்பட்டார். மத்தியஸ்தர் வால்கொட்டுக்கே வெற்றி கொடுத்தார். நடுவர் இருவரோ லூயிஸுக்குக் கொடுத்தனர். ஏட்டில் அது லூயிஸின் வெற்றியாகவே நிற்கிறது. அடுத்த யூனில் அதே வால்கொட்டைப் பதினோராஞ் சுற்றில் வீழ்த்தித்தான் லூயிஸ் அந்த வழக்கைத் தீர்த்தார். அந்த இரு நடுவர்களை எத்தனையோ முறை பரிகசித்தவன் நான்.

பையனை அழைத்து, "தம்பி, நீ சொன்னது சரி, நான் கேட்கவில்லை" என்றேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்ப திருப்பி வைப்பம் சேர்" என்றான். மன்றத்தாரும் இசைந்துவிட்டார்கள். அடுத்த தவணை முதற் கூட்டத்தில் அதே பொருள். தலைமைக்குக் கணித ஆசிரியர். அவருக்கு ஜோ லூயிஸ் இன்னாரென்றே தெரியாது. நான் கடைசி வாங்கில் இருந்து கொன் கட்சிக்காகக் கைதட்டுவதாக உத்தேசம்.