எந்த வாய்க்கால்ல நிக்கிறீங்க மாமா?

ஸ்ரீரங்கத்துல இருக்கிற தங்கச்சி மகன், அவனோட பழைய லேப்டாப்புல உபுண்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். கட்டளையைத் தட்டி வேலை வாங்குற டெர்மினலையும் காட்டினான்.

"முதல்ல பி.டபிள்யூ.டி.ன்னு அடிங்க மாமா."

எனக்குச் சிரிப்பு. நமக்கு பி.டபிள்யூ.டி.ன்னா முன்னாடி வாய்க்காலைப் பார்த்துக்கிட்டிருந்த பொதுப்பணித்துறைதானே! இங்கே அது, நாம எந்த ஃபோல்டருக்குள்ள நிக்கிறோம்னு சொல்லும். காவிரி, பேட்டவாய்த்தலையில பிரியுற உய்யக்கொண்டான், கிளை வாய்க்கால், நம்ம வயல்னு தண்ணி வர்ற வழி மாதிரியே வரிசையாக் காட்டும். எல்.எஸ். அடிச்சா உள்ளே இருக்கிறது தெரியும். சி.டி. அடிச்சு வேற ஃபோல்டருக்கு மாறலாம்.

போன வாரம் பழைய படங்களை அழிக்க ஆர்.எம். அடிச்சு, பக்கத்துல நட்சத்திரக் குறி போட்டேன். அப்படிப் போட்டா அந்த ஃபோல்டர்ல இருக்கிற கோப்பெல்லாம் போயிடும். நான் நின்னதோ வாழைக் கணக்கு ஃபோல்டர்ல. கன்னு, உரம், வெட்டுக்கூலின்னு மூணு வருஷக் கணக்கு. 'அழிக்கட்டுமா'ன்னு ஒரு வார்த்தை கேக்கலை, குப்பைத்தொட்டியிலயும் இல்லை.

முறைத்தண்ணிக்கு ராத்திரி மடை திறக்கிறப்ப, டார்ச் அடிச்சுப் பார்க்காம நான் திறந்ததே இல்லை. இதுல பார்க்கலை.

வீட்டம்மா டைரியில பாதிக் கணக்கு இருக்கு. திரும்ப ஏத்திக்கிட்டிருக்கேன். இப்பல்லாம் அழிக்கிறதுக்கு முன்னாடி பி.டபிள்யூ.டி., அப்புறம் எல்.எஸ். சாயங்காலம் பென்டிரைவுல ஒரு நகல்.