விடாயாற்றி நாள்

வழக்கமா இந்தப் பக்கத்துல பூசை நேரம், உபயம், அன்னதானம் பத்தித்தான் போடுவோம். இன்னிக்கு எங்க வீட்டுக் கதை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. ஒருத்தருக்கு பத்து பெரெண்டாம் பக்கம் ஃபேக்டரியில ஷிஃப்ட், இன்னொருத்தருக்கு டவுன்ல கணக்கு வேலை. மிச்ச நேரம் கோயில் தொண்டு. போன பள்ளி விடுமுறைக்குச் சேர்ந்தாப்போல ஐந்து நாள் லீவு எடுத்தோம். லீவு கிடைச்ச அன்னிக்கே ஒரு தாள்ல எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டியாச்சு. திங்கள் பத்துமலை. செவ்வாய், புதன் கேமரன் மலை. வியாழன் வீட்டுக்கு சாயம் அடிக்கிறது. வெள்ளி காலையில ஜாசின் பக்கம் தோட்டத்துல அம்மாவைப் பார்க்கிறது, மத்தியானம் கோயில் கூட்டம், சாயங்காலம் ஒரு கல்யாண வரவேற்பு.

எல்லாம் நடந்துச்சு. ஒண்ணு விடாம நடந்துச்சு.

அம்மா வீட்டுக்குப் போனப்ப மணி பதினொன்று. "பசியாறிட்டீங்களா?"ன்னு கேட்டுக்கிட்டே அடுப்படிக்குப் போனாங்க. கோழிக்குழம்பு, ரசம் எல்லாம் தயாரா இருந்துச்சு. "நேரமில்லம்மா, கூட்டம் இருக்கு, கட்டிக் குடுங்க"ன்னு சொல்லி வாங்கிக்கிட்டு நாற்பது நிமிஷத்துல கிளம்பிட்டோம். குழம்பை ஊத்தும்போது கொஞ்சம் பாத்திரத்துக்கு வெளியே சிந்துச்சு. வயசாயிடுச்சு, கை நடுங்குதுன்னு நினைச்சோம்.

ஒரு மாசம் கழிச்சுப் பக்கத்து வீட்டு அக்கா போன் போட்டாங்க. அம்மா குளியலறைப் படியில விழுந்துட்டாங்க. நல்ல வேளையா எலும்பு முறியல. ஆனா டாக்டர் பரிசோதிச்சுப் பார்த்தப்ப ரெண்டு கண்ணுலயும் புரை முத்திப் போயிருந்துச்சு. அன்னிக்குக் குழம்பு சிந்துனது கை நடுங்கி இல்ல, பாத்திரத்தோட விளிம்பு தெரியாமத்தான்.

"ஏம்மா சொல்லல?"ன்னு கேட்டோம்.

"வந்த வாக்குல கிளம்பிட்டீங்களேப்பா. எப்போ சொல்றது?"

கோபமா சொல்லல. சாதாரணமாத்தான் சொன்னாங்க. அதுக்கு எங்ககிட்ட பதில் இல்ல. கோயில்ல வரிசையில நிக்கிற பெரியவங்களுக்கெல்லாம் நாற்காலி போட்டுத் தர்ற ஆளுங்க நாங்க.

அறுவை சிகிச்சைக்கு அப்புறம் கொஞ்ச நாள் அம்மா எங்க கூட இருந்தாங்க. அப்போ ஒரு நாள் நல்ல மழை. வெளியே பார்த்துக்கிட்டே பழைய கதை பேச ஆரம்பிச்சாங்க. தோட்டத்துல விடியறதுக்கு முன்னாடியே பெரட்டு. நெத்தியில விளக்கைக் கட்டிக்கிட்டு மரம் வெட்டப் போயிடுவாங்க. பால் எடுத்து, ஸ்டோர்ல நிறுத்துக் கொடுத்துட்டு லயத்துக்கு வந்தா வீட்டு வேலை. மழை பேஞ்சா மட்டும் மரம் வெட்ட முடியாது. பட்டை ஈரமா இருந்தா பால் கோட்டை விட்டு வழிஞ்சு ஓடிடும், மங்குல விழுந்தாலும் மழைத் தண்ணி கலந்துடும்.

"மழைன்னா அன்னிக்குக் கூலி இல்ல, கடைக்காரருக்குக் கடன்தான். ஆனா அன்னிக்குத்தான் உங்க அப்பா பிள்ளைங்கள மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாரு"ன்னு சொன்னாங்க.

அந்தக் காலம் நல்ல காலம்னு சொல்ல வரல. கூலி போன நாளை ஓய்வுன்னு சொல்ல முடியாது. சம்பளத்தோட ஓய்வுங்கிறது பின்னால கிடைச்ச உரிமை. 1955ஆம் வருஷத்து வேலைச் சட்டப்படி வாரத்துக்கு ஒரு முழு நாள் ஓய்வு உண்டு. ஆண்டு விடுமுறை, ரெண்டு வருஷத்துக்குக் குறைவான சேவைன்னா 8 நாள், அஞ்சு வருஷத்துக்குள்ளன்னா 12, அதுக்கு மேல 16. 2023 ஜனவரியிலிருந்து வாராந்திர வேலை நேரத்தையும் 48 மணியிலிருந்து 45ஆக் குறைச்சிருக்காங்க. நம்ம பெரியவங்களுக்கு மழை வந்தாத்தான் கிடைச்ச நேரம் நமக்குச் சம்பளத்தோட கிடைக்குது. அதை வாங்கி, இன்னொரு வேலைப் பட்டியலா மாத்தி ஃபிரிட்ஜ்ல ஒட்டி வச்சோம்.

கோயில்ல இருக்கிற நமக்கு இது புதுசும் இல்ல. மத்தியானம் நடை சாத்துறோம். ராத்திரி பள்ளியறை பூசை பண்ணி சாமியைத் தூங்க வைக்கிறோம். திருவிழா நோட்டீசை எடுத்துப் பாருங்க. கொடியேற்றம், பால்குடம், ரத ஊர்வலம், மஞ்சள் நீராட்டு, கடைசி வரியில விடாயாற்றி. விடாய்னா களைப்பு. ஊர் சுத்தி வந்த சாமியோட களைப்பைத் தீர்க்கத் தனியா ஒரு விழா. எத்தனையோ வருஷமா நாங்களே அந்த வரியை டைப் அடிச்சிருக்கோம். ஆனா விடாயாற்றிக்கு மறுநாளே கணக்குக் கூட்டம் போட்டு எல்லாரையும் வரச் சொல்றதும் நாங்கதான்.

அதனால இப்போ வீட்டுல ஒரு வழக்கம் வச்சிருக்கோம். எத்தனை நாள் லீவு எடுத்தாலும் அதுல ஒரு நாள் விடாயாற்றி. காலண்டர்ல அந்தக் கட்டத்துல ஒண்ணும் எழுதக் கூடாது. முதல் தடவை ரொம்பக் கஷ்டம். பத்து மணிக்குள்ள ஒருத்தர் காரைக் கழுவ ஆரம்பிச்சாச்சு, ஒருத்தர் அலமாரியைக் காலி பண்ணியாச்சு. இப்போ பரவாயில்ல. அந்த நாள்ல பாதி தடவை தோட்டத்துக்குத்தான் போறோம். ஆனா எத்தனை மணிக்குத் திரும்பணும்னு முடிவு பண்றதில்ல.

கோயில்ல இதைச் சொன்னப்ப ஒரு பெரியவர் கேட்டாரு, "எல்லாரும் ஓய்வுன்னு உட்கார்ந்துட்டா தேரை யாருப்பா இழுக்கிறது?" நியாயமான கேள்விதான். செங் சன்னாசிமலையில மாசி மகம்னா பொது விடுமுறை கிடையாது, தொண்டர்கள் லீவு போட்டுத்தான் வர்றாங்க. அந்த லீவு சாமிக்கு. அதுல நாங்க குறை வைக்கச் சொல்லல. பட்டியல் போடுறதையும் விடச் சொல்லல. அம்மாவோட கண் டாக்டர் தேதியெல்லாம் இப்பவும் எழுதித்தான் வைக்கிறோம்.

எங்க தொண்டர் பட்டியல்ல ரெண்டே மாற்றம் பண்ணியிருக்கோம். ஒருத்தருக்கு ஒரு நாள்ல ரெண்டு பொறுப்புக்கு மேல கிடையாது. திருவிழா முடிஞ்சு ஒரு வாரத்துக்குக் கூட்டம் கிடையாது. கணக்கு எங்கேயும் ஓடிடாது.

அம்மாவுக்கு இப்போ நல்லாத் தெரியுது. போன வாரம் போனப்ப, "உங்க ரெண்டு பேருக்கும் நரை வந்துடுச்சு, இத்தனை நாளா எனக்குத் தெரியல பாரு"ன்னு சிரிச்சாங்க. அன்னிக்குச் சாப்பிட்டுட்டு அங்கேயே படுத்துத் தூங்கிட்டோம்.

அடுத்த லீவுக்குப் பட்டியல் போடுறவங்க ஒரு கட்டத்தை மட்டும் காலியா விட்டுப் பாருங்க. எப்படி இருந்துச்சுன்னு கீழே எழுதுங்க.

தாயே துணை.