தராசடியில் மூன்று வருஷம்

கியா பார்ம், கேமரன் மலை, மலேசியா

அன்புள்ள தம்பிக்கு,

லண்டன் படிப்புக்காக நீ எடுக்கப்போகும் இறுதியாண்டுக் குறும்படத்துக்கு ஒரு தேயிலை மலை பார்த்துச் சொல்லக் கேட்டிருந்தாய். பதினைந்து நிமிடக் காதல் கதை, இரண்டு ஆங்கிலேய இளசுகள், மூடுபனி. மூன்று நாளாகச் சுற்றிப் பார்த்துவிட்டேன்.

1,500 மீட்டருக்கு மேலே இருக்கும் கியா பார்மில் தேயிலையைவிடக் கண்ணில் படுவது காய்கறிதான். சாலையோரச் சந்தையில் முட்டைக்கோஸ், சோளம், ஸ்ட்ராபெரி. சரிவெல்லாம் பிளாஸ்டிக் கூரைகள். வார இறுதியில் வண்டி நகராது. தேயிலைக்கு, பிரிஞ்சாங் சிகரத்துக்குப் போகும் ஒடுங்கிய சாலையில் ஏறி சுங்கை பாலாஸ் தோட்டத்துக்குப் போகவேண்டும். ரஸ்ஸல் என்ற ஆங்கிலேயர் 1929இல் தொடங்கிய 'போ' (BOH) தேயிலை நிறுவனத்தின் தோட்டம் அது. விடிகாலைப் பனி விலகும் அந்த அரைமணி நேரத்தை நீ பார்த்தால் கேமராவைக் கீழே வைக்கமாட்டாய்.

ஆனால் பனியை மட்டும் நம்பாதே. இந்த மலையில் நடக்கும் அழகான காதல் படம் 2019இலேயே வந்துவிட்டது. டான் டுவான் எங் எழுதிய நாவலைத் தைவான் இயக்குநர் டாம் லின் எடுத்த 'தி கார்டன் ஆஃப் ஈவ்னிங் மிஸ்ட்ஸ்'. ஒரு சீனப் பெண், ஒரு ஜப்பானியத் தோட்டக் கலைஞர். கொழுந்து பறித்தவர்களின் காதல் அதன் கதை அல்ல.

டேவிட் லீனின் 'ப்ரீஃப் என்கவுன்ட்டர்' (1945) உனக்குப் பாடமாக இருந்திருக்கும். ரயில் நிலையத் தேநீர் அறையில் இருவர் பார்த்து, பழகி, பிரிகிறார்கள். அந்நாளில் இங்கிலாந்து குடித்ததில் பெரும்பகுதி இந்திய, இலங்கைத் தேயிலை. அந்தக் கோப்பைகளுக்குப் பின்னால் நம் பெண்களின் விரல்களும் இருந்தன. அதே லீன் இலங்கையில் 'க்வாய் நதிப் பாலம்' எடுத்தபோது வேடிக்கை பார்த்த மட்டக்களப்புப் பள்ளி மாணவன்தான் பின்னாளில் நம் பாலு மகேந்திரா ஆனார்.

நேற்று சந்தையில் ஒரு பாட்டியோடு பேசிக்கொண்டிருந்தேன். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். கணவரை எப்படிப் பழக்கம் என்று கேட்டேன்.

"பேசினது கல்யாணத்துக்கு அப்புறந்தான் தம்பி. அதுக்கு முந்தி மூணு வருஷம், கொழுந்து நிறுக்குற எடத்துல தராசடியில பாத்துக்குறதுதான். என் கூடைய அவரே எறக்கி வைப்பாரு. கங்காணி பாத்தா சத்தம் போடுவாரு."

கூடையை இறக்கும் அந்த ஒரு நொடிக்கு வசனமே வேண்டாம், தம்பி.

இப்போது கையால் பறிப்பது குறைவு. வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்த பிள்ளைகள், நிரையின் இருபுறமும் ஆளுக்கொருவராய் நின்று வெட்டும் இயந்திரத்தைப் பிடிக்கிறார்கள். இருவரும் ஒரே அடி வைத்து நடந்தால்தான் வெட்டு சமமாக விழும். அதையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். இயந்திரச் சத்தத்தில் நேரடி ஒலிப்பதிவு நடக்காது. அதற்குத் தயாராக வா.

ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைவு. தோட்ட நிர்வாகத்திடம் அனுமதியை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள். உன் ஆங்கிலேய ஜோடி லண்டனிலேயே இருக்கட்டும். பாட்டியின் கதையை எடு, தமிழிலேயே எடு. கேட்டால் சொல்லத் தயாராக இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. சீக்கிரம் வா.

அன்புடன்,
அண்ணன்