சிவப்பு எழுத்துகளை வாசிக்கப் பழகுதல்

விஞ்ஞானம் படிக்க வந்து, விஞ்ஞானம் கஷ்டம் என்பதால் அல்லாமல் ஒரு மென்பொருளை இன்ஸ்டோல் பண்ண முடியாமல் போனதால் விலகியவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுப்பதில்லை. என்னோடு கம்பஸில் படித்த பிள்ளை ஒருத்தி மழைவீழ்ச்சித் தரவுகளை வைத்து இறுதி வருட ஆய்வைத் தொடங்கினாள். இரண்டு கிழமை கழித்துத் தலைப்பையே மாற்றிவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "எனக்கு உந்தக் கொம்பியூட்டர் வேலை சரிவராதடி" என்றாள். கணிதம் அவளுக்கு என்னைவிட நன்றாக வரும். அவளை மறித்தது கணிதம் இல்லை, திரை நிறைய வந்து நின்ற சிவப்பு எழுத்துகள். அந்த எழுத்துகளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அவை என்ன சொல்கின்றன என்று சொல்லித் தர எங்கட பாடத்திட்டத்தில் இடம் இருக்கவில்லை.

என்னுடைய ஆய்வு கிணற்றுத் தண்ணீர் பற்றியது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மழைத்தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்குவதைத்தான் குடிக்கிறோம், தோட்டத்துக்கும் இறைக்கிறோம். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போடுகிற யூரியாவும், வீட்டு மலகூடக் குழியில் இருந்து ஊறுவதும் அதே கல்லுக்குள்தான் இறங்குகின்றன. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். தாண்டினால் முதலில் பாதிக்கப்படுவது பால்மாவைக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற கைக்குழந்தைகள். எந்தக் கிணறு, எந்த மாதம், எவ்வளவு என்பதைப் படமாக்குவதுதான் என் வேலை. சில நூறு வரித் தரவு, கொஞ்சம் புள்ளிவிபரவியல், கொஞ்சம் வரைபடம். அவ்வளவுதான்.

என் லப்டொப் ஆரோ பாவித்து விற்றது. நான்கு ஜிபி ராம். விண்டோஸ் திறப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும். ஆய்வுகூடத்தில் பென் டிரைவில் கைமாறித் திரிந்த கிராக் செய்த மற்லாப் எனக்கும் கிடைத்திருக்கும். ஆனால், களவாகப் பெற்ற கருவியால் கணக்கிட்ட முடிவின் கீழே என் பெயரைப் போட மனம் வரவில்லை. மற்லாபின் மொழியோடு பெரும்பாலும் ஒத்துப்போகிற ஒக்டேவ் இலவசம். பைத்தன், நம்பை, சைபை, ஆர் எல்லாமே இலவசம். அதனால் உபுண்டு போட்டேன்.

இலவசம் என்றாலும் அதைத் தரவிறக்க டேட்டா வேண்டும், மின்சாரமும் வேண்டும். அது 2022. மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின் வெட்டிய காலம். இரவு டேட்டா மலிவு என்பதால் பன்னிரண்டு மணிக்குப் பிறகு தரவிறக்கத்தைப் போட்டுவிட்டுப் படுப்பேன். லப்டொப்பின் பற்றரி அரை மணித்தியாலம்கூடத் தாங்காது. பொதிகள் நிறுவப்பட்டுக்கொண்டிருக்கும்போதே மின் போய், லப்டொப்பும் அணைந்துவிடும். மறுநாள் எதை நிறுவப் போனாலும் "டிபிகேஜி இடையில் நிறுத்தப்பட்டது, நீங்களே இந்தக் கட்டளையை இயக்குங்கள்" என்று உபுண்டு மறிக்கும். முதல் முறை கண்டபோது எல்லாம் போச்சு என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அது மிக நல்ல பிழைச்செய்தி. என்ன நடந்தது என்று சொல்கிறது, என்ன செய்ய வேண்டும் என்பதையும் அதே வரியில் சொல்கிறது. அந்தக் கட்டளையை அப்படியே அடித்தால் விட்ட இடத்தில் இருந்து தொடரும். பிறகு நான் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். இரவில் தரவிறக்கம் மட்டும், பகலில் மின் இருக்கும் நேரம் நிறுவல். ஆப்ட் இரண்டையும் தனித்தனியாகச் செய்யும். தரவிறக்கியவை ஒரு கோப்புறையில் இருக்கும், பென் டிரைவில் போட்டு அதே உபுண்டு உள்ள நண்பிக்கும் கொடுக்கலாம்.

அடுத்தது ஆய்வுகூடத்து மூலையில் கிடந்த பழைய கணினி. அதை லினக்ஸ் போட்டுப் பாவிக்கலாம் என்று தந்தார்கள். 32 பிட் இயந்திரம், அதில் டெபியன். சைபை நிறுவச் சொன்னால் பிப் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு, போட்ரான் கொம்பைலர் இல்லை என்று பக்கம் பக்கமாக எழுதியது. பைத்தன் கேட்டால் ஏன் போட்ரான் வேண்டும் என்கிறது?

காரணம் எளிது. பிப் சாதாரணமாகக் கொண்டு வருவது வீல் என்கிற, ஏற்கெனவே கொம்பைல் செய்த பொதி. உங்கள் இயந்திரத்துக்கும் பைத்தன் பதிப்புக்கும் பொருத்தமான வீல் இல்லாவிட்டால், அது மூல நிரலை இறக்கி உங்கள் கணினியிலேயே கட்டப் பார்க்கும். 2021 கடைசியில் வந்த நம்பை 1.22 இலிருந்து லினக்ஸின் 32 பிட்டுக்கு வீல்கள் வெளியிடப்படவில்லை. சைபையின் உள்ளே போட்ரானில் எழுதிய பகுதிகள் இருந்தன. போட்ரான் 1957 இல் வந்த மொழி. நம்பையும் சைபையும் தாயங்களைத் தீர்க்க நம்பியிருக்கும் லாபக் 1992 இல் வெளிவந்தது. நாங்கள் இரண்டு வரி பைத்தனில் கேட்பதற்கு, எங்கட அம்மா அப்பா பள்ளிக்கூடம் போன காலத்து ஆட்கள் எழுதிய நிரல் அடியில் இருந்து விடை சொல்கிறது. கொம்பைலரைப் போட்டு கட்டிப் பார்த்தேன். நெடுநேரம் ஓடிவிட்டு, ராம் போதாமல் "கில்ட்" என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றது.

தீர்வு பக்கத்திலேயே இருந்தது. டெபியன்காரர் சைபையை 32 பிட்டுக்கும் தாங்களே கட்டி, தங்கட களஞ்சியத்தில் வைத்திருந்தார்கள். பிப்பை விட்டுவிட்டு ஆப்டிடம் கேட்டால் சில நிமிடத்தில் வேலை முடிந்தது. பதிப்பு கொஞ்சம் பழையது. கிணற்றுத் தண்ணீரின் சராசரிக்கும் ஒட்டுறவுக்கும் அது தாராளம்.

இப்ப ஜூனியர் பிள்ளைகள் வட்சப்பில் படம் அனுப்புவார்கள். "அக்கா, பக்கம் முழுக்கச் சிவப்பா வருது, என்ன செய்ய?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "கடைசி வரியில என்ன இருக்கு?" பைத்தன் பிழையைக் கீழிருந்து மேலே வாசிக்க வேண்டும். உண்மையான காரணம் கடைசி வரியில் இருக்கும், மேலே இருப்பதெல்லாம் அங்கே வந்த வழி. கொம்பைல் செய்யும்போது வரும் பிழை இதற்கு நேர்மாறு. அங்கே மேலிருந்து தேடி, "எரர்" என்ற சொல் முதலில் வரும் இடத்தைப் பிடிக்க வேண்டும். அதற்குக் கீழே வரும் நூறு பிழைகளும் பெரும்பாலும் அந்த ஒன்றின் பிள்ளைகள்.

இன்னொரு வேறுபாடும் உதவும். "இப்படி ஒரு மொடியூல் இல்லை" என்று பைத்தன் சொன்னால், நீங்கள் ஒரு பைத்தனில் நிறுவி இன்னொரு பைத்தனில் ஓட்டுகிறீர்களா என்று முதலில் பாருங்கள். ஒரே கணினியில் இரண்டு மூன்று பைத்தன் இருப்பது சாதாரணம். "லிப்" என்று தொடங்கி "எஸ்ஓ" என்று முடியும் ஒரு கோப்பைத் திறக்க முடியவில்லை என்றால் கதை வேறு. பைத்தன் பொதி இருக்கிறது, அது சாய்ந்து நிற்கிற சிஸ்டம் நூலகம்தான் இல்லை. அதை ஆப்டில் தேட வேண்டும். இந்த இரண்டுக்கும் ஒரே மருந்தைப் போட்டுப் பார்த்துத்தான் பலர் களைத்துப் போகிறார்கள்.

புதிய உபுண்டுவில், உதாரணமாக 24.04 இல், பிப்பால் நேரடியாக நிறுவப் போனால் "இந்தச் சூழல் வெளியில் இருந்து நிர்வகிக்கப்படுகிறது" என்று மறுக்கும். 2023 இல் வந்த டெபியன் 12 உம் அப்படித்தான். உபுண்டுவின் சொந்தக் கருவிகள் சில பைத்தனில் ஓடுகின்றன. அவை நம்பியிருக்கும் பொதிகளின் மேல் நாங்கள் வேறு பதிப்புகளைக் கொட்டினால் கணினியே குழம்பும். மறுப்பைத் தாண்ட ஒரு தெரிவு உண்டு. "சிஸ்டம் பொதிகளை உடை" என்பதுதான் அதன் பெயர், அந்தப் பெயரே போதுமான எச்சரிக்கை. ஆய்வுக்கு ஒரு கோப்புறை, அதற்குள் ஒரு வேர்ச்சுவல் என்வயரன்மென்ட் என்று வைத்துக்கொண்டால் சண்டையே இல்லை. ஏதும் பழுதானால் அதை அழித்துவிட்டுப் புதிதாகச் செய்யலாம். கணினிக்கு ஒன்றும் ஆகாது. உபுண்டுவில் அதற்கான பொதியைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும், அதையும் பிழைச்செய்தியே சொல்லும்.

ஒரு தங்கச்சி அனுப்பிய பிழை மட்டும் இரண்டே சொல். "இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்." சட்டவிரோதம் என்ற சொல்லைக் கண்டால் எங்கட நாட்டில ஆருக்கும் நெஞ்சு ஒருக்கா இடிக்கும். அவள் ஓட்டியது டென்சர்புளோ. 1.6 பதிப்பில் இருந்து, ஆயத்தமாகக் கிடைக்கும் அதன் பொதிகளுக்கு ஏவிஎக்ஸ் என்ற வசதி உள்ள புரொசசர் வேண்டும். அவளிடம் இருந்தது பழைய பென்டியம். அந்த வசதி அதில் இல்லை. தனக்குத் தெரியாத கட்டளை வந்தால் புரொசசர் இப்படித்தான் நிற்கும். புது லப்டொப் வாங்கக் காசு இல்லை. ஆனால் அவளிடம் இருந்த தரவு முந்நூறு வரியும் இல்லை. அதற்கு நரம்பு வலைப்பின்னல் தேவையும் இல்லை. சைகிட் லேர்னில் ஒரு ரண்டம் ஃபொரஸ்ட் அந்தப் பென்டியத்திலேயே ஓடியது. கணினி மறுத்ததால் அவள் தன் கேள்விக்குப் பொருத்தமான கருவி எது என்று யோசித்தாள். மேற்பார்வையாளரின் பாராட்டும் அதற்குத்தான் கிடைத்தது.

எனக்குக் கடைசியாக வந்த சிக்கல் மென்பொருளுக்கும் தமிழுக்கும் நடுவில் இருந்தது. ஆய்வறிக்கை ஆங்கிலத்தில். ஆனால் மாதிரி எடுக்க வாளியும் கயிறும் தந்து, தேத்தண்ணியும் தந்த வீட்டுக்காரருக்கு முடிவைத் தமிழில் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். மட்பிளொட்லிப்பில் அச்சுக்கு "நைத்திரேற்று" என்று பெயர் போட்டால் வரிசையாகப் பெட்டிகள் வந்தன. அதன் இயல்பான எழுத்துருவில் தமிழ் இல்லை. நோட்டோ தமிழ் எழுத்துருவைக் கொடுத்தபோது எழுத்து வந்தது, ஆனால் "ந"வுக்கு முன்னால் வர வேண்டிய ஐகாரக் கொம்பு பின்னால் போய் நின்றது. "ர"வின் கொம்புக்கும் அதே கதி. நான் பாவித்த பதிப்பு எழுத்துகளை வந்த வரிசையிலேயே அடுக்கியது, தமிழுக்கு வேண்டிய ஒழுங்குக்கு மாற்றவில்லை. வழி இதுதான்: படத்தை எஸ்விஜியாகச் சேமித்து, எழுத்தை வடிவமாக்காமல் எழுத்தாகவே விடச் சொல்ல வேண்டும். பிறகு இங்ஸ்கேப்பில் திறந்தால் அது தமிழைச் சரியாக அடுக்கித் தரும்.

அந்தப் படத்தைத் தாளில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஒரு அம்மா கோட்டுக்கு மேலே நின்ற புள்ளியைத் தொட்டு, "இதே எங்கட கிணறு?" என்று கேட்டா. ஓம் என்றேன். "அப்ப பேரப்பிள்ளைக்குப் பால் கரைக்க ஆற்றை தண்ணியப்பா எடுக்கிறது?" இரண்டு வீடு தள்ளியிருந்த கிணற்றின் புள்ளி கோட்டுக்குக் கீழே இருந்தது. அதைக் காட்டினேன். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற அது கூடத்தான் செய்யும் என்பதையும் சொல்லிவிட்டு வந்தேன்.

இதனால்தான் நிறுவலை வெறும் தொழில்நுட்பத் தொல்லை என்று ஒதுக்க எனக்கு விருப்பமில்லை. அந்தப் புள்ளி சரியான இடத்தில் நிற்கிறதா என்று நாளைக்கு இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். அதற்கு எந்தப் பொதி, எந்தப் பதிப்பு என்ற பட்டியலும் நிரலும் தரவும் ஒன்றாக இருக்க வேண்டும். காசில்லாமல் அவரும் அதே மென்பொருளைப் போடக்கூடியதாக இருக்க வேண்டும். நீங்கள் இப்ப ஒரு சிவப்புப் பக்கத்தின் முன்னால் இருந்தால், அதைப் படமெடுக்க முதல் ஒரு கோப்பில் கொப்பி பண்ணி வையுங்கள். என்ன அடித்தீர்கள், என்ன வந்தது, எது சரிவந்தது என்று தமிழில் மூன்று வரி எழுதுங்கள். அடுத்த வருடம் அதே இடத்தில் மறிபட்டு நிற்கப் போகிற பிள்ளைக்கு அந்த மூன்று வரி போதும்.