எண்ணிப் பார்த்த கம்ப்யூட்டர்

குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களில் நாலு பேர் கூடினால் பேச்சு ஓயாது. அதில் யார் விஷயத்தோடு பேசினார், யார் சும்மா 'உம்' கொட்டினார் என்று மார்க் போடுங்கள், பார்ப்போம்! மனுஷனுக்கே சிரமமான இந்த வேலையை இப்போது கம்ப்யூட்டரிடம் கொடுத்திருக்கிறார்கள்.

தென்காசியில் என் சித்தி மகனுக்குப் பகலில் செல்போன் கடையில் வேலை. ராத்திரி ஆன்லைனில் காமர்ஸ் படிப்பு. ஆறு பேர் சேர்ந்து விவாதித்து விடை காண வேண்டும். விவாதத்துக்கும் மார்க் உண்டு. போடுவது ஸாஃப்ட்வேர்.

கேள்வி இதுதான்: கொடுபட வேண்டிய சம்பளத்தை எங்கே காட்டுவது? லாப நஷ்டக் கணக்கு, பேலன்ஸ் ஷீட் இரண்டிலும் என்றது ஒரு கோஷ்டி. பேலன்ஸ் ஷீட்டில் மட்டும் என்றது இன்னொன்று. நாற்பது மெஸேஜ் பறந்தன. தம்பி ஒன்றே ஒன்றுதான் தட்டினான்: 'ட்ரையல் பேலன்ஸுக்கு உள்ளே இருக்கா, வெளியே இருக்கா?' சண்டை தீர்ந்தது. (பி.காம். படித்த பாவத்துக்குச் சொல்லிவிடுகிறேன்: உள்ளே இருந்தால் பேலன்ஸ் ஷீட்டில் மட்டும், வெளியே என்றால் இரண்டிலும்.)

மார்க் வந்தது. 'சூப்பர்', 'நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்' என்று பன்னிரண்டு தடவை தட்டியவனுக்குப் பத்துக்கு ஒன்பது. தம்பிக்கு மூன்று.

"பேப்பர் போச்சுன்னா மறுபடி ஃபீஸ் கட்டணும்ண்ணே" என்றான். ஒரு மாசச் சம்பளம்!

கம்ப்யூட்டரை முழுக்கத் திட்டவும் முடியாது. 2008-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து கரோலின் ரோஸே குழுவினர் வெளியிட்ட ஆய்வில் விஷயம் வேறு. முதலில் மனிதர்கள் ஒவ்வொரு பேச்சையும் படித்து, இது வாதம், இது எதிர்வாதம் என்று முத்திரை குத்துவார்கள். இரண்டு பேர் குத்தியது ஒத்துப்போகிறதா என்றும் பார்ப்பார்கள். அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு கம்ப்யூட்டர் மீதியைப் பிரிக்கும். அடுத்தவர் யோசனையைப் பிடித்து ஒரு படி மேலே போகிற பேச்சையும் அப்படித் தேடினார்கள். தம்பியின் கேள்வி அந்த ரகம்தான். ஆனால் முத்திரை குத்த ஆள் வேண்டும், கூலி வேண்டும். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டும் நம் பையன்களின் பேச்சுக்கு யார் உட்கார்ந்து குத்துவது? மெஸேஜை எண்ணுவது சுலபம். எண்ணிவிட்டார்கள்.

குற்றாலத்து ரசிகமணி டி.கே.சி. (1882–1954) நெல்லையில் நடத்திய வட்டத்தொட்டியிலும் கூடிப் பேசித்தான் கம்பனைக் கற்றார்கள். அங்கே ஒரு 'ஆஹா' வந்தால் அதில் அர்த்தம் இருந்திருக்கும். ஆக, எல்லா 'சூப்பரை'யும் தள்ளிவிடவும் முடியாது. கஷ்டம்தான்!

'யாராவது ஒரு மனுஷர் படித்துப் பாருங்கள்' என்று தம்பி மேல்முறையீடு அனுப்பினான். 'பரிசீலித்தோம், மாற்றமில்லை' என்று பதில் வந்தது. பத்தே செகண்டில்.